டிஸ்க் மாற்றியதும் பூட் ஆகவில்லையா? ஃபார்மட்டுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்து ஓடிய மெஷினில் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டினால், சில நேரம் ஒன்று எழும், மற்றது எழாது. சில நேரம் இரண்டுமே எழாது. "ஃபார்மட் பண்ணி ரெண்டையும் புதுசா போட்டுடலாம் சார்" என்பதுதான் அப்போது எளிதாகக் கிடைக்கும் பதில். சொல்பவருக்கு அது சுலபமான வேலை, கேட்பவருக்குத்தான் நஷ்டம். இந்தக் கேஸ்களில் பெரும்பாலும் டேட்டாவுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, சிஸ்டத்துக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பூட் ஆகும் வழியில் எழுதி வைத்திருக்கும் அடையாள எண்கள் இன்னும் பழைய டிஸ்க்கையே காட்டிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் எழுதியது பொருந்தவில்லை என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது அரை மணி நேர வேலைகூட இல்லை.

முதலில் அந்த வழியைப் பார்ப்போம். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த மெஷின்கள் ஏறக்குறைய எல்லாமே யூஇஎஃப்ஐ (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளின் புதிய வகை). மதர்போர்டில் உள்ள சின்ன நினைவகத்தில் ஒரு பூட் பட்டியல் இருக்கும். எந்தப் பார்ட்டிஷனில் எந்தக் கோப்பை ஓட்ட வேண்டும் என்பது அதில் இருக்கும். பார்ட்டிஷனை அது பெயரால் அல்ல, ஒரு நீண்ட தனி எண்ணால்தான் குறித்து வைத்திருக்கும். அது காட்டும் பார்ட்டிஷன்தான் ஈஎஸ்பி, அதாவது ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். ஃபேட்32 வகை, பெரும்பாலும் 100 முதல் 500 எம்பி அளவு. உள்ளே ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டரும், அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒன்று, உபுண்டுவுக்கு ஒன்று, பூட் என்ற பெயரில் பொதுவாக ஒன்று என ஃபோல்டர்களும் இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரில் இருக்கும் பிசிடி என்ற கோப்பில்தான் விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்ற தகவல் இருக்கிறது. உபுண்டு ஃபோல்டரில் உள்ள கிரப் (எந்த சிஸ்டத்தை எழுப்புவது என்று மெனு காட்டும் பூட்லோடர்) கான்ஃபிக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், மொத்தமே மூன்று வரிதான். இந்த யூயூஐடி (தனி அடையாள எண்) உள்ள பார்ட்டிஷனைத் தேடு என்பது முதல் வரி. அதில் பூட், கிரப் ஃபோல்டரை எடுத்துக்கொள் என்பது இரண்டாவது. அங்கே இருக்கும் முழு கான்ஃபிக்கைப் படி என்பது மூன்றாவது. அந்த முழு கான்ஃபிக்கிலும் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) ரூட் பார்ட்டிஷனின் (உபுண்டு இருக்கும் பார்ட்டிஷன்) யூயூஐடி சொல்லப்பட்டிருக்கும். கெர்னல் எழுந்த பிறகு, எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைக்க வேண்டும் என்று படிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் அதே எண் இருக்கும். ஆக லினக்ஸ் பக்கம் ஒரே எண் மூன்று இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் திருத்திவிட்டு "சரி பண்ணியும் வரல" என்று திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

திரை சொல்வதைக் கேளுங்கள்

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால் யூஇஎஃப்ஐ-க்கு ஓட்ட வேண்டிய கோப்பே கிடைக்கவில்லை என்று பொருள். கழற்றிய டிஸ்க்கோடு ஈஎஸ்பியும் போய்விட்டது, அல்லது ஈஎஸ்பி இருந்தும் பட்டியலில் அதன் பெயர் அழிந்துவிட்டது. டிஸ்க் இல்லாமல் ஒரு முறை ஆன் செய்தாலே அதற்குரிய வரியை அழித்துவிடும் மதர்போர்டுகள் உண்டு.

கறுப்புத் திரையில் கிரப் என்ற எழுத்தோடு கர்சர் நின்றால் ஈஎஸ்பி நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று வரிக் கோப்பில் உள்ள எண்தான் புதிய பார்ட்டிஷனோடு ஒத்துப்போகவில்லை. அந்த இடத்திலேயே எல்எஸ் என்று அடித்தால் பார்ட்டிஷன்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்து லினக்ஸ் இருப்பதை ரூட்டாக செட் செய்துவிட்டு, கான்ஃபிக்ஃபைல் கட்டளையால் உள்ளே இருக்கும் முழு கிரப் கான்ஃபிக்கை அழைத்தால் பழைய மெனு வந்துவிடும். அது ஒரு தடவைக்கு மட்டும்தான், நிரந்தரத் தீர்வு அல்ல.

உபுண்டு சிறிது நேரம் தேடிவிட்டு இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஷெல்லில் (கட்டளை அடிக்கும் திரை) இறங்கினால் கெர்னலுக்குச் சொன்ன ரூட் எண் தவறு. ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போனால் எஃப்எஸ்டேப்தான் காரணம். இது ரொம்பவும் சகஜம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் டேட்டா பார்ட்டிஷன் இருந்திருக்கும். அதை எடுத்த பிறகும் வரி மட்டும் அப்படியே இருக்கும். என்டரைத் தட்டி உள்ளே போய் அந்த வரியின் முன் ஒரு ஹேஷ் குறி போட்டால் போதும். கழற்றி மாட்டக்கூடிய எந்த டிஸ்க்கின் வரியிலும் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும்) என்ற ஆப்ஷனை முன்கூட்டியே சேர்த்து வைப்பது நல்ல பழக்கம்.

விண்டோஸ் பக்கம் 225 அல்லது 00இ என்று முடியும் பிழை எண்ணோடு நீலத் திரை வந்தால் முதலில் பிசிடி-யைப் பாருங்கள். "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று வந்தால் அது வேறு கதை. விண்டோஸ் எழ ஆரம்பித்துவிட்டது, ஆனால் தன் டிஸ்க்கையே அதனால் படிக்க முடியவில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம்

எஸ்எஸ்டி-யில் விண்டோஸ், ஹார்ட் டிஸ்க்கில் உபுண்டு என்று பிரித்து வைத்திருப்பவர்கள், ஹார்ட் டிஸ்க்கை எடுத்தால் உபுண்டு மட்டும்தான் போகும் என்று நினைக்கிறார்கள். அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விண்டோஸ் நிறுவும்போது வேறு டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு ஈஎஸ்பி இருந்தால் தன் பூட் கோப்புகளை அங்கேயே போட்டுவிடுவதுண்டு. உபுண்டு 22.04 வரை டெஸ்க்டாப்பில் இருந்த இன்ஸ்டாலரும் அப்படித்தான். பூட்லோடருக்கு நீங்கள் இரண்டாவது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் அது முதலில் கண்ட ஈஎஸ்பி-யிலேயே எழுதிவிடும். டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) போட்டு ஹார்ட் டிஸ்க்கை அங்கே மாற்றிய லேப்டாப்களில் இந்தச் சிக்கல் அதிகம். விண்டோஸ் வேகமாக எஸ்எஸ்டி-யிலிருந்து ஓடும், ஆனால் அதை எழுப்பும் கோப்பு கேடியில் உள்ள பழைய டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். உபுண்டுவில் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பூட், ஈஎஃப்ஐ என்ற மவுன்ட் எதற்கு நேரே வருகிறது என்று பாருங்கள். ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையை விவரத்தோடு ஓட்டி, வரும் பட்டியலை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) ஸ்டோரேஜ் மோட், அதாவது டிஸ்க்கோடு மெஷின் பேசும் முறை, ஏஹெச்சிஐ-யா, ஆர்எஸ்டி-யா, விஎம்டி-யா, செக்யூர் பூட் (கையொப்பமிட்ட பூட் கோப்பை மட்டும் ஓட்டும் காவல்) ஆனா ஆஃபா என்பதையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

விண்டோஸ் டிரைவை என்க்ரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கரை மறக்கவே கூடாது. "நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்பவர்களின் டிரைவும் பூட்டப்பட்டிருக்கலாம். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல மெஷின்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். செக்யூர் பூட்டை மாற்றினாலோ, கிரப் வழியாக விண்டோஸை எழுப்பினாலோகூட 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அந்தக் கீ இல்லாவிட்டால் டேட்டாவை யாராலும் மீட்க முடியாது, எந்த லேபாலும் முடியாது. கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். வேலை முடியும்வரை பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஆஃப் செய்துவிட்டு முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். பாதித் தூக்கத்தில் இருக்கும் விண்டோஸ் பார்ட்டிஷனில் லினக்ஸிலிருந்து எழுதப் போவது ஆபத்து.

குளோன் எடுத்தவர்களுக்கு

முழு டிஸ்க்கையும் அச்சாகக் குளோன் செய்தால் எல்லா எண்களும் அப்படியே வந்துவிடும், பிரச்சினை குறைவு. ஆனால் பழையதும் புதியதும் ஒன்றாக மாட்டியிருக்கும்போது முதல் பூட் செய்யக் கூடாது. ஒரே எண்ணில் இரண்டு பார்ட்டிஷன் இருந்தால் லினக்ஸ் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. புதியதிலிருந்து ஓடுகிறது என்று நம்பிக்கொண்டு பழையதிலேயே ஒரு வாரம் வேலை செய்தவர்கள் உண்டு. விண்டோஸ் தன் பங்குக்கு இரண்டில் ஒன்றை ஆஃப்லைனில் வைத்துவிடும்.

சிறிய டிஸ்க்கிலிருந்து பெரிய டிஸ்க்குக்கு டிடி கட்டளையால் நகலெடுத்தால், டிஸ்க்கின் கடைசியில் இருக்க வேண்டிய ஜிபிடி (பார்ட்டிஷன் டேபிள்) பேக்அப் நடுவிலேயே நின்றுவிடும். ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவி திறந்ததும் இதைக் கண்டு "ஃபிக்ஸ்" கேட்கும், கொடுக்கலாம். பழைய டிஸ்க்கில் பேட் செக்டர் இருந்தால் டிடி-யைத் தொடவே வேண்டாம். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் கோப்போடு டிடிரெஸ்க்யூ ஓட்டுங்கள், படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டுச் சிக்கலான இடத்துக்கு அது பிறகு திரும்பி வரும்.

டிஸ்க்கைக் குளோன் செய்யாமல், புதிதாக ஃபார்மட் செய்த பார்ட்டிஷனில் கோப்புகளை மட்டும் நகலெடுத்தவர்களுக்கு யூயூஐடி கட்டாயம் மாறியிருக்கும். மேலே சொன்ன மூன்று இடங்களும் அவர்களுக்குத்தான்.

விண்டோஸை எழுப்புதல்

விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட், எஃப்10 அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். பூட் மெனுவில் பென் டிரைவின் பெயருக்கு முன் யூஇஎஃப்ஐ என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் வால்யூம் கொடுத்து ஃபேட்32 வகை சின்னப் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, அதற்கு எஸ் என்ற எழுத்தை அசைன் செய்யுங்கள். பென் டிரைவும் ஃபேட்32 ஆக இருக்கும், ஏமாறாமல் அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஈஎஸ்பி பழைய டிஸ்க்கோடு போயிருந்தால், புதிய டிஸ்க்கில் காலி இடம் விட்டு 300 எம்பி-யில் ஈஎஃப்ஐ வகைப் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்யலாம். இரண்டு சிஸ்டம் இருக்கும்போது 500 கொடுத்தாலும் வீணில்லை.

பிறகு பிசிடிபூட் கட்டளை. அதற்குச் சொல்ல வேண்டியவை மூன்று: விண்டோஸ் ஃபோல்டர் எங்கே, பூட் கோப்புகள் போக வேண்டிய எழுத்து எஸ், வகை யூஇஎஃப்ஐ. இந்தச் சூழலில் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷன் சி-யாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம், டி-யாகவோ ஈ-யாகவோ வரலாம். டிஐஆர் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கோப்புகள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வரும், முடிந்தது. இணையத்தில் எல்லாரும் சொல்லும் பூட்ரெக், ஃபிக்ஸ்பூட் யூஇஎஃப்ஐ மெஷின்களில் "ஆக்சஸ் டினைட்" என்று முகத்தில் அடிப்பதுதான் வழக்கம். அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" வந்தவர்கள் பயாஸைத் திறந்து, முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிப் போட்டதில் செட்டிங் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, ஏஹெச்சிஐ இருந்த இடத்தில் விஎம்டி வந்திருக்கும். பழையபடி வைத்தால் எழுந்துவிடும். சாட்டா டிஸ்க்கிலிருந்து (பழைய வகை இணைப்பு) என்விஎம்இ-க்கு (வேகமான புதிய வகை) குளோன் செய்து இந்தப் பிழை வந்தால், ரெக்கவரி பிராம்ப்ட்டில் பிசிடிஎடிட் மூலம் சேஃப்பூட்டை மினிமல் என்று வைத்து ஒரு முறை சேஃப் மோடில் எழுப்புங்கள். டிரைவர் சேர்ந்துகொள்ளும். பிறகு அந்த மதிப்பை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுதான்.

உபுண்டுவை எழுப்புதல்

லைவ் பென் டிரைவையும் (நிறுவாமலே உபுண்டுவை ஓட்டுவது) யூஇஎஃப்ஐ முறையில்தான் பூட் செய்ய வேண்டும். சிஸ், ஃபர்ம்வேர் ஃபோல்டரில் ஈஎஃப்ஐ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் லெகசியில் (பழைய பயாஸ் முறை) எழுந்திருக்கிறீர்கள். ரூட் பார்ட்டிஷனை எம்என்டி-யில் மவுன்ட் செய்து, ஈஎஸ்பி-யை அதற்குள் பூட், ஈஎஃப்ஐ-யில் மவுன்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் மவுன்ட் செய்து சிஎச்ரூட் போங்கள், அதாவது டிஸ்க்கில் உள்ள உபுண்டுவுக்குள் நுழையுங்கள். சிஸ்ஸை பைண்ட் செய்யும்போது ஆர்பைண்ட் கொடுத்தால் மதர்போர்டு பட்டியலைத் திருத்த வழிவிடும் ஈஎஃப்ஐவார்ஸும் கூடவே வரும். அது வராவிட்டால் மதர்போர்டு பட்டியலில் புதிய வரி ஏறாது.

உள்ளே போனதும் முதல் வேலை எஃப்எஸ்டேப். பிஎல்கேஐடி காட்டும் எண்களோடு ரூட், ஈஎஸ்பி, ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் பார்ட்டிஷன்) மூன்றையும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஈஎஸ்பி-யின் எண் மட்டும் நடுவில் கோடு போட்ட எட்டு எழுத்தாகக் குட்டையாக இருக்கும், அது சரியே. பிறகு கிரப்-இன்ஸ்டாலை எக்ஸ்86_64 ஈஎஃப்ஐ இலக்கோடு ஓட்டினால் அந்த மூன்று வரிக் கோப்பு புதிய எண்ணோடு எழுதப்படும். அப்டேட்-கிரப் ஓட்டினால் முழு கான்ஃபிக்கும் திருந்தும். ஸ்வாப் எண் மாறியிருந்தால் இனிட்ராம்எஃப்எஸ்-இன் ரெஸ்யூம் கோப்பையும் திருத்தி அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டுங்கள். விட்டுவிட்டால் பூட் ஆகும், ஆனால் ஒவ்வொரு முறையும் காரணமே தெரியாமல் அரை நிமிடம் தாமதிக்கும்.

மெனுவில் விண்டோஸ் காணவில்லையா? கிரப் 2.06-லிருந்து, மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. எட்சி, டீஃபால்ட் ஃபோல்டரில் உள்ள கிரப் கோப்பில் டிஸேபிள் ஓஎஸ் புரோபர் வரியை ஃபால்ஸ் என்று வைத்து மறுபடி அப்டேட்-கிரப் ஓட்டுங்கள்.

"ஷிம் எஸ்பிஏடி டேட்டா ஃபெயில்ட்" என்று சொல்லி லினக்ஸ் எழாவிட்டால் டிஸ்க்கின் மேல் பழி போடாதீர்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் பழைய ஷிம்களை (செக்யூர் பூட்டில் கிரப்பை எழுப்பும் சின்ன நிரல்) தடுத்துவிட்டது, இன்றும் பழைய லைவ் பென் டிரைவ்களில் இது தலைகாட்டும். புதிய ஐஎஸ்ஓ எடுத்துப் போடுங்கள்.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால்

எம்.2 வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இ-யும் உண்டு. ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டது என்பதால் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. டெஸ்க்டாப் போர்டுகளில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது: குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எதையாவது மாட்டினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் அணைந்துவிடும். புதியதை மாட்டியதும் பழைய டிஸ்க் "செத்துப்போச்சு" என்று நினைக்க வைப்பது இதுதான். எந்த ஸ்லாட் எந்தப் போர்ட்டைப் பறிக்கும் என்று போர்டு மேனுவலில் அட்டவணை இருக்கும். பெரும்பாலும் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

யூஎஸ்பி என்க்ளோஷரில் வைத்து ஃபார்மட் செய்த டிஸ்க்கை உள்ளே மாட்டியதும் காலியாகத் தெரிந்தால், பதறி இனிஷியலைஸ் கொடுத்துவிடாதீர்கள். சில என்க்ளோஷர்கள் 512 பைட் செக்டரை 4096 ஆகக் காட்டும். அப்படி எழுதிய பார்ட்டிஷன் டேபிளை நேரடி இணைப்பில் படிக்க முடியாது. அதே என்க்ளோஷரில் மறுபடி வைத்தால் எல்லாம் தெரியும். அங்கிருந்து டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, இதை உள்ளே மாட்டிய பிறகே பார்ட்டிஷன் போடுங்கள்.