எண்ணும் எழுத்தும்: உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, தமிழில் ‘அரும்பு’ நிலையில், அதாவது ஒன்றாம் வகுப்பு அளவில், இருக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. வகுப்பு வயதை வைத்து வருவது. இன்றைக்கு எந்த அளவுக்குப் படிக்க வருகிறது என்பதை வைத்து வருவது நிலை. முன்னேற்ற அட்டையில் எவ்வளவு மதிப்பெண் என்று பார்ப்பதைவிட, இந்த நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பெற்றோருக்கு உருப்படியான வேலை.

‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததில், வகுப்பறையையே பார்க்காமல் அடுத்த வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்காக வந்த திட்டம் இது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பதுதான் இலக்கு. முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்தது. 2023-24இல் 4, 5 வகுப்புகளும் சேர்ந்தன. பயிற்சி நூலுக்குக் காசு கிடையாது.

தொடக்கத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படை மதிப்பீடு செய்து நிலையைக் குறிக்கிறார். அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்பு அளவு, மொட்டு இரண்டாம் வகுப்பு அளவு, மலர் மூன்றாம் வகுப்பு அளவு. இது பாடத்துக்குப் பாடம் மாறும். தமிழில் மலராக இருக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் அரும்பாக இருப்பது சாதாரணம். இடையிடையே வளரறி மதிப்பீடும் பருவ முடிவில் தொகுத்தறி மதிப்பீடும் நடக்கும். அவை ஆசிரியரின் கைபேசிச் செயலியில் பதிவாகும்.

நிலை பிரிப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்பை இருவர் பார்க்கும் இடத்தில் வகுப்புவாரியாக நடத்தினால், யாருக்கும் முழுசாகப் போய்ச் சேராது. நிலைவாரியாக உட்கார வைத்தால், ஒரு குழு பயிற்சி நூலில் எழுதும்போது இன்னொரு குழுவை ஆசிரியர் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லலாம்.

சிக்கல் வருவது பெரும்பாலும் பெருமையால்தான். ‘அரும்பு’ என்றதும் பெற்றோர் முகம் வாடுகிறது. பிள்ளையை ஒரு படி ஏற்றிக் காட்டிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அப்புறம் அதன் கைக்கு வருவது, எழுத்துக்கூட்டவே முடியாத பக்கம். அதை அது பார்த்து எழுதும், அழகாகவும் எழுதும். நோட்டு நிறைந்திருக்கும், படிக்கத்தான் வராது.

ஆகவே நோட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். பாடநூல் வேண்டாம், அது மனப்பாடம் ஆகியிருக்கும். பாடநூலைத்தான் எடுத்தீர்கள் என்றால் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, வெள்ளைத்தாளில் நீங்களே எழுதிக் கொடுப்பது. முதலில் வரிசை கலைத்துச் சில எழுத்துகள்: கெ, பூ, கொ, து, மை. அடுத்து கொடி, கோழி, வண்டி, பள்ளம். கடைசியாக இதுவரை பார்க்காத இரண்டு வரி. படித்து முடித்ததும் அதிலிருந்தே ஒரு கேள்வி.

எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். ‘கொடி’யை ‘கெடி’ என்று படித்தால், அந்தப் பிள்ளைக்குக் கொம்பு தெரியும், பின்னால் நிற்கும் துணைக்கால்தான் விட்டுப்போகிறது. ஒரே ஒலிக்கான குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்பதால் வரும் குழப்பம் இது. கையெழுத்தில் துணைக்கால் ‘ர’ போலவே இருப்பதால் ‘கெர’ என்று படிக்கிற பிள்ளைகளும் உண்டு. உகரத்தில் தடுமாறினால் வியப்பில்லை: து, பு, மு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குறி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. ஆ, இ போல ஒரு குறியைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றுக்கும் போட முடியாது, தனித்தனியாகத்தான் பழக வேண்டும். 247 எழுத்தையும் தினம் ஒப்பிக்க வைப்பதால் இந்த இரண்டும் சரியாகாது. தடுக்குகிற நாலைந்து எழுத்தை மட்டும் எடுத்து, அவை வரும் சொற்களைத் தினம் பத்து நிமிடம் படிக்க வைத்தால் சரியாகும். எழுத்தெல்லாம் தெரிந்து, படித்தது புரியாமல் முழிக்கிற பிள்ளைக்கு வேறு வேலை: சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற வரிசை நூல்கள் பள்ளியில் இருந்தால் கேளுங்கள்.

இதையெல்லாம் பள்ளியில் போய்க் கேட்பது சலுகை கேட்பதல்ல. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 24, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தருவதையும், பெற்றோரை அழைத்து வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பதையும் ஆசிரியரின் கடமையாக வைத்திருக்கிறது. “தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் எந்த நிலை? போன பருவத்தில் எது? எந்த எழுத்தில் தடுக்குகிறது?” என்ற மூன்று கேள்வி போதும். பதில் வராவிட்டால் தலைமை ஆசிரியர், அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு. அந்தக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கும் மேலே வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417.

இரண்டு பருவம் விடாமல் பழக்கியும் எழுத்து மனதில் நிற்கவில்லை, பேச்சில் கெட்டிக்காரன் என்றால், சோம்பேறி என்று திட்டுவதை நிறுத்துங்கள். கண், காது பரிசோதனை முதலில். அதில் குறை இல்லையென்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இதைச் சீக்கிரமே கண்டறிந்து ஏற்ற முறையில் கற்பிக்கச் சொல்கிறது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்தால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லலாம்.