கீபோர்டு போகவில்லை, பூட் ஆகும் வழியில்தான் சிக்கல்

"கீபோர்டு போயிடுச்சு, புதுசு ஒண்ணு குடுங்க" என்று கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் பழைய கீபோர்டை நம் சிஸ்டத்தில் செருகிப் பார்த்தால், பல சமயம் அது ஜோராக வேலை செய்யும். சிக்கல் கீபோர்டில் இல்லை. அதனால் புதிதாக வாங்கிப் போனாலும் வீட்டில் அதே கதைதான்.

பவர் பட்டனை அழுத்தியதும் யுஎஸ்பி கீபோர்டைக் கவனித்துக்கொள்வது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டிலுள்ள சின்ன மென்பொருள். விண்டோஸ் ஏறும்போது அதன் டிரைவர் (கீபோர்டோடு பேசும் மென்பொருள்) பொறுப்பை வாங்கிக்கொள்ளும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஆன் செய்ததிலிருந்து நம்லாக்கைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும், அந்தச் சின்ன விளக்கு மாறி மாறி எரிந்தால் கீபோர்டு உயிரோடு இருக்கிறது. லோகோ வரும் நேரத்தில் கொஞ்சம் உறைந்து, லாகின் திரையில் மறுபடி எரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, பொறுப்பு கைமாறும் நேரம் அது. (கலர் கலராக எரியும் விளக்கை நம்பாதீர்கள், கரண்ட் வருகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.)

ஆரம்பத்திலேயே நம்லாக் அசையவில்லையா? ஹப், எக்ஸ்டென்ஷன், கேபினெட்டின் முன்பக்க போர்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் நான் அடுத்துச் சந்தேகப்படுவது பயாஸில் இருக்கும் ஃபாஸ்ட் பூட். சில நொடி மிச்சம் பிடிப்பதற்காக அது யுஎஸ்பியைத் தயார் செய்வதையே தள்ளிப்போடும், விண்டோஸ் வரும்வரை கீபோர்டுக்கு உயிரே இருக்காது. அதை அணைத்துவிட்டு, லெகசி யுஎஸ்பி சப்போர்ட் என்று இருந்தால் ஆன் செய்யுங்கள். கீபோர்டே இல்லாமல் பயாஸுக்குள் எப்படிப் போவது என்பீர்கள். மவுஸ் போதும்: விண்டோஸ் செட்டிங்ஸில் ரிக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப், அங்கிருந்து யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். லாகின் பாஸ்வேர்டு கேட்டால் திரையிலேயே கீபோர்டு வரவழைக்கும் ஐகான் வலது மூலையில் இருக்கிறது.

ஆனால் பயாஸில் கைவைக்கும் முன், முக்கியமாக மதர்போர்டிலுள்ள பட்டன் பேட்டரியைக் கழற்றி ரீசெட் செய்யும் முன், பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரிக்கவரி கீயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 சிஸ்டங்கள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும். பயாஸ் மாறியதும் ரிக்கவரி கீயான 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கலாம். அதை அடிக்கக் கீபோர்டு வேண்டும், அது இல்லாமல்தானே இவ்வளவு பாடு! பெரும்பாலும் அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், மொபைலில் திறந்து பார்த்துவிடுங்கள்.

பயாஸில் ஓடி, விண்டோஸில் மட்டும் செத்துவிடுகிறதா? ஷட்டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். ரீஸ்டார்ட்டில் சரியாக வந்து, ஷட்டவுன் செய்து ஆன் பண்ணினால் வரவில்லை என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் பெரும்பாலும் காரணம். அது ஷட்டவுனில் எல்லாவற்றையும் அணைப்பதில்லை, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலைத் தூங்கவைத்து மறுநாள் அப்படியே எழுப்புகிறது. பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

பழைய பில்லிங் சாஃப்ட்வேருக்காக இன்னும் விண்டோஸ் 7 கேட்பவர்கள் உண்டு. 2015-க்குப் பிறகு வந்த இன்டெல் போர்டுகளில் அதை இன்ஸ்டால் செய்யப் போனால் முதல் திரையிலேயே கீபோர்டு, மவுஸ் இரண்டும் நின்றுவிடும். விண்டோஸ் 7-உடன் யுஎஸ்பி 3.0 டிரைவர் சேர்ந்து வராது, அதை இன்ஸ்டால் பென்டிரைவில் முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

சில நேரம் தப்பு மைக்ரோசாஃப்ட் பக்கமே இருக்கும். 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட், ரிக்கவரி திரையில் மட்டும் யுஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் முடக்கியது. விண்டோஸுக்குள் எல்லாம் சாதாரணமாக ஓடியதால், சிஸ்டம் கெட்டு ரிக்கவரிக்குப் போனவர்களுக்குத்தான் அது தெரிந்தது. 20-ஆம் தேதி திருத்தம் வந்தது. அந்த இடைவெளியில் பழைய வட்டப் பின் பிஎஸ்/2 கீபோர்டு வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். உங்கள் போர்டில் அந்தப் போர்ட் இருந்தால் பரணில் கிடக்கும் பழைய கீபோர்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். செருகும்போது மட்டும் சிஸ்டம் ஆஃபில் இருக்கட்டும்.