மகரந்த வரைபடம் மரக் கணக்கெடுப்பு அல்ல

இந்த வாரமும் ஓர் ஆய்வேடு என் மேசைக்கு வந்தது. பீட் சதுப்பில், அதாவது பாதி மக்கிய செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த ஈரநிலத்தில், குழாய் இறக்கி எடுத்த உருளை மாதிரி. அதன் ஒவ்வொரு மட்டத்திலும் தங்கிய மகரந்தத்தை எண்ணி வரைவதுதான் மகரந்த வரைபடம். ஒரு மட்டத்தில் புல் மகரந்தம் 70 சதவீதம். அடுத்த வரியிலேயே முடிவு: 'நிலத்தில் 70 சதவீதம் புல்வெளியாக இருந்தது, ஆகவே மழை குறைவு.' இந்த இரண்டு தாவல்களுக்கும் ஆதாரம் இல்லை. இதையே எத்தனை பேருக்குத் திருத்தி அனுப்புவது?

அந்த 70 எதில் 70? நுண்ணோக்கியின் கீழ் நீங்கள் எண்ணிய சில நூறு துகள்களில். காற்றை நம்பும் செடி மகரந்தத்தை வாரி இறைக்கும். பூச்சியை நம்பும் மரம் கொஞ்சமாகத்தான் தரும், அதிலும் சதுப்புக்கு வந்து சேர்வது சொற்பம். பைன் மகரந்தத்துக்கு இரண்டு காற்றுப்பைகள் உண்டு. மரமே இல்லாத நிலத்திலும் பல நூறு கிலோமீட்டர் பறந்து போய் விழும். சோலைக்காட்டு நாவல் இன மரங்களோ, பக்கத்தில் காடாகவே நின்றாலும் வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரியலாம்.

இன்னொன்று. சதவீதத்தின் கூட்டுத்தொகை எப்போதும் 100. சதுப்பின் மேலேயே கோரை செழித்து வளர்ந்தால், ஒரு மரம்கூடச் சாகாமல் மர மகரந்தச் சதவீதம் சரியும். அதை 'காடு அழிந்தது' என்று எழுதிவிடுகிறார்கள்! எண்ணிக்கை தெரிந்த லைக்கோபோடியம் என்ற செடியின் நுண்வித்துகளை முன்கூட்டியே மாதிரியில் கலப்பது இதற்காகத்தான். அவற்றோடு ஒப்பிட்டால், ஒரு கன சென்டிமீட்டரில் உண்மையில் எத்தனை துகள் என்பது அப்போது தெரியும். தயவுசெய்து அந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

காடே மாறியிருந்தாலும் காரணம் காலநிலைதான் என்று ஆகிவிடாது. வடமேற்கு ஐரோப்பாவில் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் எல்ம் மரத்தின் மகரந்தம் திடீரென்று விழுந்தது. முதலில் குளிரைச் சந்தேகித்தார்கள். மரநோயும் ஆதி உழவர்களின் கையும் பிறகுதான் கணக்கில் வந்தன.

புல்லுக்குத் தனிச் சிக்கல் உண்டு. வறட்சி தாங்கும் சி4 புல்லின் மகரந்தமும் குளிர்ந்த ஈரத்தை விரும்பும் சி3 புல்லின் மகரந்தமும் சாதாரண நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும் (சி3, சி4 என்பவை ஒளிச்சேர்க்கையின் இரு வகைகள்). இரு வகைப் புல்லிலும் கார்பன் ஐசோடோப்புகளின், அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின், விகிதம் வேறுபடும். நீலகிரி பீட்டில் சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவினர் அதை அளந்தது இங்கேதான் கைகொடுத்தது. 1993இல் வந்த அந்த ஆய்வில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், சி4 புல் ஓங்கியிருந்தது தெரிந்தது. அதிலும் கவனம் வேண்டும்: காற்றில் கார்பன் டைஆக்சைடு குறைந்தாலும் சி4 புல்லுக்குச் சாதகம்தான். ஒற்றைச் சான்றை வைத்துத் தீர்ப்பெழுதாதீர்கள்.

மாதிரி எடுப்பவர்களுக்கு: மண்வெட்டியால் அள்ளிப் பையில் போட்டு அனுப்பாதீர்கள். பீட் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. பத்து சென்டிமீட்டர் கலந்துவிட்டால் நூறாண்டுக்கு மேல் கலந்துவிட்டது. உருளையை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேல்பக்கம் எது என்று குறித்து, குளிரில் வையுங்கள். காகிதமும் பஞ்சும் படக்கூடாது, அவை புதிய கார்பன்; கார்பன்-14 கொண்டு வயதைக் கணிக்கும்போது முடிவைக் கெடுக்கும். காலக்கணிப்புக்கு அனுப்புமுன் மேலிருந்து இறங்கிய வேர்களைப் பொறுக்கி எறியுங்கள். பாசித்தண்டு, விதை கிடைத்தால் அதையே அனுப்புங்கள். முடிவில் 'இன்றைக்கு முன்' என்று வந்தால் அந்த 'இன்று' 1950 என்பதை மறக்காதீர்கள். ஆய்வகத்தில் தனியாக இருக்கும்போது மாதிரியிலுள்ள மணலைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் குப்பியைத் திறக்கவே கூடாது. அந்த அமிலம் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சதுப்புக்குப் பக்கத்தில் வசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வடிகால் வெட்டினால் பீட் காயும், காற்று உள்ளே போகும், மகரந்தம் மக்கிவிடும். வெட்டுவதைத் தடுக்க முடிந்தால் தடுங்கள். முடியாவிட்டால், வெட்டுமுன் அருகிலுள்ள பல்கலைக்கழகத் தாவரவியல் அல்லது புவியியல் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஓர் உருளையாவது எடுத்து வைத்துவிடலாம்.