இருட்டிலும் நடக்கும் பழுதுபார்ப்பு: அஸீஸ் சஞ்சார் கண்டுபிடித்தது என்ன?

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர், டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்களை (டி.என்.ஏ.வின் நான்கு ‘எழுத்து’களில் ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அந்த இடத்தில் இழை வளைந்து கோணலாகிவிடும். படியெடுக்க வரும் நொதி அங்கே திணறி நின்றுவிடலாம். இல்லையென்றால் ஏதோ ஒரு தப்பான எழுத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இரண்டாவதுதான் ஆபத்து, புற்றுநோய் அங்கிருந்து தொடங்கக்கூடும். வெயிலில் நடமாடும் நமக்கெல்லாம் இது அன்றாடம் நடக்கிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஏன் ஆவதில்லை என்பதைத் தேடியே அஸீஸ் சஞ்சாரின் ஆய்வு வாழ்க்கை முழுவதும் போயிருக்கிறது.

துருக்கியின் தென்கிழக்கே சாவூர் என்ற சிற்றூரில் 1946இல் பிறந்தவர். இஸ்தான்புல்லில் மருத்துவம் படித்து, ஊர்ப்பக்கமே கொஞ்ச காலம் டாக்டராக இருந்துவிட்டு, அமெரிக்காவில் டல்லாஸில் இருந்த கிளாட் ரூபர்ட்டிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். புற ஊதாக் கதிரால் சாகக் கிடக்கும் பாக்டீரியா, நீல ஒளியைக் காட்டியதும் பிழைத்துக்கொள்ளும் விந்தை அப்போதே தெரிந்திருந்தது. அதைச் செய்யும் நொதிக்கு ஃபோட்டோலயேஸ் என்று பெயர். நீல ஒளியின் ஆற்றலை வாங்கி, ஒட்டிய தைமின்களைப் பிரித்துவிடும். ஆனால் ஒரு பாக்டீரியாவுக்குள் அந்த நொதியின் மூலக்கூறுகள் இருபதுக்கும் குறைவாகவே இருக்கும். எடுத்து ஆராய முடியாது. 1976இல் சஞ்சார் அதன் மரபணுவைத் தனியே பிரித்து, பாக்டீரியாவையே அந்த நொதியை ஏராளமாக உண்டாக்க வைத்தார்.

இதற்குப் பிறகும் மூன்று ஆய்வகங்கள் அவருக்கு இடம் இல்லை என்றன. யேல் பல்கலைக்கழகத்தில் டீன் ரப்பின் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகத்தான் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆராய்ந்தது வெளிச்சமே தேவைப்படாத இன்னொரு பழுதுபார்ப்பை. அதற்கு மூன்று மரபணுக்கள் வேண்டும் என்று தெரியும்: யூவிஆர்-ஏ, பி, சி. அவை உண்டாக்கும் புரதங்களைப் பாக்டீரியாவின் ஆயிரக்கணக்கான புரதங்களுக்குள் எப்படி அடையாளம் காண்பது?

அவர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழுதுபார்க்கத் தெரியாத பாக்டீரியா ஒன்றை எடுத்து, வேண்டிய மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் ஏற்றி உள்ளே விட்டார். பிறகு புற ஊதாக் கதிரை அடித்தார். பெரிய குரோமோசோமில் அடி விழாமல் போகாது. அது சிதைந்து அழிந்துவிடும். பிளாஸ்மிட் சிறியது என்பதால் பல தப்பிவிடும். இப்போது கதிரியக்க அமினோ அமிலத்தைக் கொடுத்தால், அதைச் சேர்த்துக்கொண்டு புதிதாக உருவாவது பிளாஸ்மிட்டின் புரதம் மட்டுமே. டி.என்.ஏ.வைக் கெடுக்கும் கதிரையே, அதைச் சரிசெய்யும் புரதங்களைப் பிடிக்கவும் பயன்படுத்திக்கொண்டார்!

மூன்று புரதங்களும் கைக்கு வந்தபின், 1983இல் விடை கிடைத்தது. அவை ஒட்டிய தைமின்களைத் தொடுவதே இல்லை. சொத்தைக் கத்தரிக்காயில் சுற்றியுள்ள நல்ல சதையையும் சேர்த்து நறுக்கி எறிவோமே, அப்படி. பழுதுக்கு இருபுறமும் சற்றுத் தள்ளி இழையை வெட்டுகின்றன. 12 அல்லது 13 நியூக்ளியோடைடுகள் (அதாவது அத்தனை எழுத்துகள்) கொண்ட துண்டு கழன்று போகிறது. எதிர் இழை கெடாமல் இருக்கிறது. அதைப் பார்த்து வேறொரு நொதி இடைவெளியை நிரப்ப, இன்னொன்று முனைகளை இணைத்துவிடுகிறது.

மனித செல்லிலும் இதே முறைதான், துண்டு மட்டும் பெரிது: 30க்குச் சற்றுக் குறைவு. இதில் பங்குபெறும் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய் வரும். அந்தக் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடும். கங்காருவுக்குக்கூட ஃபோட்டோலயேஸ் உண்டு, நமக்கு இல்லை. வெட்டி எறிவதைத் தவிர அந்தப் பழுதை நீக்க நமக்கு வேறு வழி கிடையாது.

இந்த வேலைக்காக 2015இல் தோமஸ் லிண்டால், பால் மாட்ரிச் இருவரோடு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் கதை ஃபோட்டோலயேஸோடு முடியவில்லை. அதைப் போலவே இருந்தும் டி.என்.ஏ.வைச் சரிசெய்யாத ஒரு புரதம் மனிதரிடம் இருக்கிறது: கிரிப்டோகுரோம். அது உடலின் உள்கடிகாரத்தின் ஓர் உறுப்பு என்று தெரியவந்தது. அந்தக் கடிகாரம் பழுதுபார்க்கும் புரதங்களில் ஒன்றைக் கூட்டிக் குறைக்கிறது. சஞ்சாரின் குழு 2011இல் வெளியிட்ட சோதனையில், அதிகாலை 4 மணிக்குப் புற ஊதாக் கதிர் பட்ட எலிகளுக்கு, மாலை 4 மணிக்குப் பட்டவற்றைவிட ஐந்து மடங்கு அதிகமாகத் தோல் புற்றுநோய் வந்தது. எலி இரவு விலங்கு, நம் கடிகாரம் அதற்கு நேரெதிர். அப்படியானால் மனிதருக்கு மாலை வெயிலைவிடக் காலை வெயிலில் கேடு குறைவாக இருக்கலாம் என்பது அந்தக் குழுவின் ஊகம்.