வெள்ளியைக் காட்டிக்கொடுக்கும் விளிம்பு

அமெரிக்க வங்கிகளில் சில்லறை நாணயங்கள் காகிதத்தில் உருளையாகச் சுற்றப்பட்டுக் கிடைக்கின்றன. டைம் எனப்படும் பத்து சென்ட் நாணயம் ஓர் உருளைக்கு 50, கால் டாலர் 40, அரை டாலர் 20. இவற்றை முக மதிப்புக்கே வாங்கிப் பிரித்து, பழையவற்றை எடுத்துக்கொண்டு மீதியை வங்கியிலேயே கட்டிவிடுவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. இதில் கைதேர்ந்தவர்கள் ஆண்டைப் படிப்பதற்கு முன் நாணயங்களை அடுக்கி, அவற்றின் விளிம்பைப் பார்க்கிறார்கள். அங்கே பழுப்புக் கோடு தெரிந்தால் அது புதிய நாணயம். கோடின்றி வெண்மையாக இருந்தால் பெரும்பாலும் வெள்ளி.

1964 வரையிலான டைம், கால் டாலர், அரை டாலர் நாணயங்களில் 90 விழுக்காடு வெள்ளியும் 10 விழுக்காடு செம்பும் இருந்தன. வெள்ளியின் விலை ஏறி, நாணயத்திலுள்ள உலோகமே அதன் முக மதிப்பை எட்டிவிடும் நிலை வந்ததால், 1965ஆம் ஆண்டுச் சட்டம் டைமிலிருந்தும் கால் டாலரிலிருந்தும் வெள்ளியை முற்றிலும் நீக்கியது. ஆனால் மாற்று உலோகத்தை மக்கள் ஏற்றால் மட்டும் போதாது, காசு போட்டால் பொருள் தரும் தானியங்கி இயந்திரங்களும் ஏற்க வேண்டும். அவை நாணயத்தை ஒரு காந்தத்தின் அருகே உருளவிட்டுச் சோதித்தன. காந்தப்புலத்தில் நகரும் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் தோன்றி, அந்த நகர்வையே எதிர்க்கிறது. மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகம் கூடுதலாக வேகம் குறைகிறது. வெள்ளி மிகச் சிறந்த மின்கடத்தி. செம்பும் நிக்கலும் கலந்த உலோகமோ வெள்ளியைப் போல் பளபளத்தாலும் மின்சாரத்தை மோசமாகவே கடத்தும். எனவே, தூய செம்பை நடுவில் வைத்து, இரு பக்கமும் அந்தக் கலப்பு உலோகத்தைப் போர்த்தினார்கள். இயந்திரத்தை ஏமாற்ற வைத்த அந்தச் செம்புதான் விளிம்பில் கோடாக எட்டிப்பார்த்து, மனிதக் கண்ணுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது.

எடையும் உதவும்: வெள்ளிக் கால் டாலர் 6.25 கிராம், புதியது 5.67 கிராம். எனினும் நூற்றுக்கணக்கான நாணயங்களைத் தராசில் வைப்பதைவிட ஓர் அடுக்கைத் திருப்பிப் பார்ப்பது எளிது.

அரை டாலர் சற்றே தந்திரமானது. 1965 முதல் 1970 வரை அதில் 40 விழுக்காடு வெள்ளி நீடித்தது. அதன் எடை 11.5 கிராம், வெள்ளியற்றது 11.34 கிராம். விளிம்பிலும் மங்கிய செந்நிறச் சாயல் உண்டு. அவசரமாகப் பார்ப்பவர் நழுவவிடுவது பெரும்பாலும் இதைத்தான். கடைகளில் அரிதாகவே புழங்கும் நாணயம் என்பதால் அதிகம் சலிக்கப்படாமல் கிடப்பதும் இதுவே. என்னைக் கேட்டால், தேடலை இந்த உருளையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெள்ளியை அல்ல, செம்பைத் தேடும் ஒரு சென்டில் விளிம்பு பயன்படாது. 1982ஆம் ஆண்டின் நடுவே செம்புக் கலவையிலிருந்து, செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாறினார்கள். நிறத்தில் வேறுபாடு தெரியாது. ஆகவே அந்த ஆண்டு நாணயத்துக்கு மட்டும் தராசு வேண்டும்: 3.11 கிராம் என்றால் செம்பு, 2.5 என்றால் துத்தநாகம்.

ஐந்து சென்ட் நாணயம் வேறு கதை. இரண்டாம் உலகப் போரில் நிக்கல் படைத் தேவைக்குப் போனதால், 1942 முதல் 1945 வரை அதில் 35 விழுக்காடு வெள்ளியும் 9 விழுக்காடு மாங்கனீசும் கலந்தார்கள், மீதி செம்பு. இவை அழுக்கேறிக் கருத்துப்போவதால், வெள்ளி தேடுபவர் கண்ணுக்கு வெள்ளியாகவே படுவதில்லை. இவற்றைக் கண்டுபிடிக்க நாணயத்தைப் புரட்ட வேண்டும்: பின்புறத்தில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனின் மாளிகைக் குவிமாடத்துக்கு மேலே, அச்சடித்த நாணயச்சாலையின் எழுத்து பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.