கடுகை எட்ட நின்று வீசாதே

தீக்காயப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கே, "நான் தாளிக்கட்டுமா அம்மா?" என்று மகள் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. அவளுக்கு அப்போது 10 வயது. "பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டேன். பரீட்சையும் முடிந்தது, லீவும் முடிந்தது.

என்னை மாற்றியது வார்டுக்கு வந்த ஒரு பையன். ஏழாம் வகுப்பு; அடுப்படிப் பக்கமே விடாமல் வளர்த்த பிள்ளை. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பசி எடுக்க, நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறான். இறக்கும்போது கைக்குக் கிடைத்தது ஈரத்துணி. ஈரத்துணி சூட்டைத் தடுக்காது, சட்டென்று கைக்கு ஏற்றிவிடும். பாத்திரத்தை விட்டுவிட்டான், கொதிநீர் முழுக்கத் தொடையில். "அடுப்புக்கிட்ட போகாதேன்னு ஆயிரம் தடவ சொன்னேன் டாக்டர்" என்று அவன் அம்மா அழுதார். கரித்துணி காய்ந்திருக்க வேண்டும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. என் மகளுக்கு நானும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தோம். பருத்திச் சட்டை, பின்னிய முடி. நைலான் துணியில் தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்பு நெஞ்சு உயரத்தில் இருந்தால் சிந்துவதெல்லாம் நெஞ்சிலும் முகத்திலும்தான்; அதனால் ஆடாத, அகலமான பலகை ஒன்று போட்டு நிற்க வைத்தேன். கடாயின் பிடியை உள்பக்கமாகத் திருப்பினேன்.

எண்ணெய் காய்ந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்து கடுகை வீசினாள். பாதி மேடையில், பாதி தரையில். அடுத்துக் கறிவேப்பிலையையும் அப்படியே வீசக் கையை ஓங்கினாள். பிடித்து நிறுத்தினேன். கழுவிய ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த எண்ணெயின் சூடு 100 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அந்தக் கணமே ஆவியாகி எண்ணெயை வாரி இறைக்கும். இலையைத் துணியில் ஒற்றி எடுத்து, கடாயின் ஓரத்துக்குக் கிட்டே கொண்டுபோய் நழுவவிட்டு, கையிலிருந்த மூடியால் பாதி மூடச் சொன்னேன். பயந்து எட்டி நிற்கிற கைதான் வீசும், வீசினால்தான் தெறிக்கும். வடை, அப்பளம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எண்ணெயே தீப்பிடித்தாலும் அந்த மூடிதான்: அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

அப்படியும் சுட்டுக்கொண்டால்? ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். கடிகாரம் பார்த்து 20. இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். வீங்குவதற்கு முன்பே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். டூத்பேஸ்ட், இங்க், இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். மாவு அப்பி வரும் குழந்தைக்கு, அதை நாங்கள் கழுவி எடுக்கும்போது இன்னொரு தடவை வலிக்கும். முகம், கை, மூட்டு என்றாலோ, காயம் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதென்றாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

மகளுக்கு இப்போது 12 வயது. தக்காளி ரசம் தனியாக வைக்கிறாள். நான் ஹாலில் உட்கார்ந்து கடுகு வெடிக்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். குக்கர் திறப்பதும் கஞ்சி வடிப்பதும் மட்டும் இன்னும் என் வேலை. சோற்றுப் பானையைச் சாய்த்துப் பிடிக்கும் வலு அவள் மணிக்கட்டுக்கு வரவில்லை. வந்துவிட்டது என்கிறாள் அவள்.