பைத்தான் ஒரு பெயரை எங்கே தேடுகிறது?

பைத்தான் கற்கும் மாணவர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "என் பேக்கேஜின் இனிட் கோப்பில் இரண்டே இரண்டு இம்போர்ட் வரிகள் இருக்கின்றன. ஒரு வரிசையில் எழுதினால் நிரல் ஓடுகிறது. அவற்றை மேல்கீழாக மாற்றினால் பிழை வருகிறது. இரண்டும் வெவ்வேறு கோப்புகளிலிருந்து வெவ்வேறு பெயர்களைத்தானே எடுக்கின்றன, வரிசையில் என்ன இருக்கிறது?" வரிசையில்தான் எல்லாமே இருக்கிறது என்பது சுருக்கமான பதில். இறக்குமதி என்ற வேலையைப் பைத்தான் எந்த முறையில் செய்கிறது என்பதைப் பார்த்தால் விரிவான பதில் தானாக வந்துவிடும்.

ஒரு கோப்பு ஒரு மாட்யூல் என்பதும், மாட்யூல்களைக் கொண்ட அடைவு ஒரு பேக்கேஜ் என்பதும், அந்த அடைவின் சார்பாக ஓடுவது இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே இனிட் என்று பெயரிட்ட கோப்பு என்பதும் பலருக்கும் தெரிந்தவை. இனிட் கோப்பு, உள்ளே இருக்கும் மாட்யூல் ஒன்றிலிருந்து ஒரு பெயரை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டால், வெளியே இருப்பவர்கள் அதைப் பேக்கேஜிடமிருந்தே நேராகப் பெறலாம். இதையே மறு ஏற்றுமதி என்கிறோம். பைத்தானில் இதற்கென்று தனிக் கட்டளை கிடையாது. இறக்குமதி செய்த பெயர் அந்த மாட்யூலுக்குச் சொந்தமான பெயராகவே ஆகிவிடுவதால், எடுத்து வைத்தாலே ஏற்றுமதி நடந்துவிடுகிறது.

சி மொழியின் இன்க்ளூடைப் போல, இம்போர்ட் ஒரு கோப்பின் உரையை இன்னொன்றுக்குள் ஒட்டுகிறது என்று நினைப்போர் உண்டு. அப்படி நடப்பதில்லை. இம்போர்ட் என்பது நிரல் ஓடும்போது, தன் முறை வரும்போது செயல்படும் ஒரு சாதாரண வரி. அது முதலில் சிஸ் மாட்யூலில் உள்ள "மாட்யூல்ஸ்" என்ற அகராதியைப் பார்க்கிறது. இதுவரை ஏற்றப்பட்ட மாட்யூல்கள் எல்லாம் பெயர்வாரியாக அங்கே பதிவாகியிருக்கும். கேட்ட பெயர் அங்கே இருந்தால் வேலை அத்தோடு முடிந்தது. இதை உங்கள் கணினியிலேயே சோதிக்கலாம். பைத்தானுடன் வரும் "திஸ்" என்ற மாட்யூலை இறக்குமதி செய்தால் பைத்தானின் வடிவமைப்புக் கொள்கைகளைச் சொல்லும் சிறு வாசகங்கள் திரையில் வரும். அதே வரியை மறுபடி தட்டினால் ஒன்றும் வராது. கோப்பு முதல் முறையே ஓடி முடிந்துவிட்டது. இரண்டாம் முறை பதிவேட்டிலிருந்து பழைய பொருளே கிடைக்கிறது.

பெயர் பதிவேட்டில் இல்லாவிட்டால்தான் தேடல் தொடங்குகிறது. பைத்தானுக்குள்ளேயே கட்டப்பட்டவை, உறைநிலையில் சேர்க்கப்பட்டவை, பிறகு சிஸ் பாத் பட்டியலில் உள்ள அடைவுகள் என்று அது நடக்கும். இந்தப் பகுதியை விரைவாகக் கடந்து, கோப்பு கிடைத்த பிறகு நடப்பதற்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஆசை வந்ததே அதனால்தான்.

கோப்பு கிடைத்ததும் பைத்தான் ஏறக்குறைய வெறுமையான ஒரு மாட்யூல் பொருளை உருவாக்குகிறது. அடுத்து, கோப்பில் உள்ள ஒரு வரியைக்கூட இன்னும் ஓட்டாத நிலையிலேயே, அந்த வெற்றுப் பொருளைப் பதிவேட்டில் எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகே கோப்பின் வரிகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. ஒவ்வொரு வரியும் தான் வரையறுக்கும் பெயரை அந்தப் பொருளுக்குள் சேர்த்துக்கொண்டே போகிறது. எனவே கோப்பு ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும், பாதி நிரம்பிய மாட்யூல் ஒன்று முழுமையானதைப் போலவே பதிவேட்டில் உட்கார்ந்திருக்கிறது.

முடிந்த பிறகு பதிவு செய்தால் என்ன என்று தோன்றலாம். மாணவரின் நிரலைச் சற்று எளிதாக்கி அதையே பார்ப்போம். பைத்தான் 3 தமிழ் எழுத்துகளில் அமைந்த பெயர்களை ஏற்கும் என்பதால் இந்த எடுத்துக்காட்டைத் தமிழிலேயே எழுதி ஓட்டலாம். பேக்கேஜின் பெயர் "கடை". அதற்குள் "கணக்கு", "ரசீது" என்று இரண்டு மாட்யூல்கள். கணக்கில் "மொத்தம்" என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ரசீதில் "சீட்டு" என்ற கிளாஸ் இருக்கிறது. கடையின் இனிட் கோப்பு முதல் வரியில் ரசீதிலிருந்து சீட்டையும், இரண்டாம் வரியில் கணக்கிலிருந்து மொத்தத்தையும் எடுத்து மறு ஏற்றுமதி செய்கிறது. ரசீது கோப்பின் தலைப்பிலோ "ஃப்ரம் கடை இம்போர்ட் மொத்தம்" என்று எழுதியிருக்கிறது. அதாவது, அது பக்கத்திலேயே இருக்கும் கணக்கை விட்டுவிட்டு, தான் குடியிருக்கும் பேக்கேஜின் முன்வாசலுக்குப் போய்க் கேட்கிறது.

இப்போது ஒருவர் கடையை இறக்குமதி செய்கிறார். கடை என்ற வெற்று மாட்யூல் பதிவேட்டில் ஏறுகிறது. இனிட் கோப்பின் முதல் வரி ஓடத் தொடங்கி ரசீதைக் கேட்கிறது. ரசீதும் வெறுமையாகப் பதிவாகி அதன் முதல் வரி ஓடுகிறது. அந்த வரி கடையைக் கேட்கிறது. கடைதான் பதிவேட்டில் இருக்கிறதே, உடனே கிடைத்துவிடுகிறது. ஆனால் அதற்குள் மொத்தம் என்ற பெயர் இன்னும் இல்லை, ஏனென்றால் அதைச் சேர்க்க வேண்டிய இரண்டாம் வரியின் முறை வரவே இல்லை. மொத்தம் என்ற பெயரில் துணைக் கோப்பு ஏதேனும் உண்டா என்றும் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுப் பைத்தான் கையை விரிக்கிறது. பாதி தயாரான மாட்யூலிலிருந்து இந்தப் பெயரை எடுக்க முடியவில்லை, பெரும்பாலும் வட்டமான இறக்குமதி காரணமாக இருக்கலாம் என்ற பொருளில் வரும் பிழைச் செய்தி 2019 இல் வெளியான 3.8 பதிப்பிலிருந்து இருக்கிறது. பிழையைச் சொல்வதோடு காரணத்தையும் ஊகித்துச் சொல்லும் செய்திகளில் இதை மெச்சத்தக்க ஒன்றாகக் கருதுகிறேன்.

பதிவு செய்வதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தால் இதே இடத்தில் கடை பதிவேட்டில் இருந்திருக்காது. பைத்தான் மறுபடி இனிட் கோப்பை முதலிலிருந்து ஓட்டும், அது மறுபடி ரசீதைக் கேட்கும், ரசீது மறுபடி கடையைக் கேட்கும், இப்படியே முடிவில்லாமல் போகும். ஓட்டுவதற்கு முன்பே பதிவு செய்யும் அந்த ஒரு முடிவு இந்தச் சுழலை வெட்டிவிடுகிறது. அதற்கு நாம் தரும் விலை, சில வேளைகளில் பாதி நிரம்பிய மாட்யூலைச் சந்திக்க நேர்வது மட்டுமே. ஓட்டம் பிழையில் முடிந்தால் அந்தப் பதிவும் நீக்கப்படுகிறது என்பதால் அரைகுறை மாட்யூல் பிறகு யாருக்கும் கிடைக்காது.

மாணவரின் நிரல் ஒரு வரிசையில் மட்டும் ஓடியது ஏன் என்பது இப்போது விளங்கும். கணக்கு வரி முதலில் வந்தால், ரசீது வந்து கேட்கும் நேரத்தில் மொத்தம் கடைக்குள் தயாராக இருக்கும். ஆனால் இதைத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். நாளை யாரேனும் வரிகளை இடம் மாற்றி அடுக்கினால் பிழை திரும்பி வந்து நிற்கும். பேக்கேஜுக்குள் இருக்கும் மாட்யூல்கள் ஒன்றுக்கொன்று நேரடியாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். ரசீது புள்ளி வைத்த சார்பு இறக்குமதி மூலம் கணக்கிலிருந்தே மொத்தத்தை எடுத்தால் வரிசை பற்றிய கவலையே எழாது. முன்வாசல் வெளியாட்களுக்கு உரியது.

இறக்குமதிப் பிழை வந்தால் வரிகளை மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பது, சிஸ் பாத்தில் ஓர் அடைவைத் திணிப்பது, எங்கோ பார்த்த வெற்று இனிட் கோப்பை எல்லா அடைவுகளிலும் போட்டு வைப்பது ஆகிய பழக்கங்களைப் பார்க்கும்போது, கணினித் துறையிலும் பரிகாரம் செய்வோர் குறையவில்லை என்றே தோன்றுகிறது. பரிகாரம் சில சமயம் பலிக்கத்தான் செய்கிறது. ஏன் பலித்தது என்று தெரியாததால்தான் அடுத்த முறையும் அதையே செய்கிறோம். இத்தனைக்கும் இதில் மறைபொருள் எதுவும் இல்லை. 2012 இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து இறக்குமதி இயந்திரத்தின் பெரும்பகுதி பைத்தான் மொழியிலேயே எழுதப்பட்டுள்ளது. பிரெட் கேனன் முன்னின்று உருவாக்கிய இம்போர்ட்லிப் அது. யாரும் திறந்து படிக்கலாம்.

படித்தால் கிடைக்கும் இன்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. கோப்புப் பாதைகளைக் கையாள எல்லோரும் பயன்படுத்தும் "ஓஎஸ் பாத்" என்ற மாட்யூல் உண்மையில் ஓஎஸ்ஸுக்குள் இல்லை. ஓஎஸ் ஒரு பேக்கேஜே இல்லை, தனிக் கோப்பு. அது ஓடும்போது எந்த இயங்குதளம் என்று பார்த்து, லினக்ஸிலும் மேக்கிலும் "பாசிக்ஸ்பாத்" என்ற மாட்யூலையும் விண்டோஸில் "என்டிபாத்" என்ற மாட்யூலையும் இறக்குமதி செய்து, அதற்குப் பாத் என்று பெயரிட்டு, போதாக்குறைக்குப் பதிவேட்டிலும் "ஓஎஸ் பாத்" என்ற பெயரில் தானே எழுதிவிடுகிறது. லினக்ஸில் அந்த மாட்யூலிடம் அதன் பெயரைக் கேட்டால் பாசிக்ஸ்பாத் என்றே சொல்லும். இந்தத் தந்திரம் செல்லுபடியாக வேண்டும் என்பதற்காக, இம்போர்ட்லிப் பெற்றோர் மாட்யூலை ஏற்றிய பிறகு பதிவேட்டை மறுபடி ஒருமுறை பார்க்கிறது. அந்த இடத்தில் எழுதியிருக்கும் குறிப்பைத் தமிழில் சொன்னால், "கிறுக்குத்தனமான பக்க விளைவுகள்!"

மறு ஏற்றுமதியில் பொருள் நகலெடுக்கப்படுவதில்லை, ஒரே பொருளுக்கு இன்னொரு பெயர் கிடைக்கிறது. வீட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் உள்ளவரைப் போன்றது அது. ஜேசன் வடிவத் தரவைப் படிக்கப் பைத்தானுடன் வரும் ஜேசன் பேக்கேஜைப் பயன்படுத்துவோர் பிழையைப் பிடிக்க "ஜேசன் புள்ளி ஜேசன்டிகோட்எரர்" என்று எழுதுகிறார்கள். பிழை திரையில் வரும்போதோ நடுவில் "டிகோடர்" என்று ஒரு சொல் கூடியிருக்கும். அந்தக் கிளாஸ் பிறந்த இடம் டிகோடர் மாட்யூல். இனிட் கோப்பு அதை வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றா என்று "இஸ்" கொண்டு கேட்டால் ஆம் என்றே விடை வரும்.

பெயர்தான் கைமாறுகிறது என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. கணக்கு மாட்யூலில் வரி விகிதம் 18 என்று இருந்து, இனிட் கோப்பு அந்தப் பெயரை மறு ஏற்றுமதி செய்த பிறகு, யாரேனும் கணக்கில் அதை 5 ஆக மாற்றினால், கடையிடம் கேட்பவருக்கு இன்னும் 18 தான் கிடைக்கும். கணக்கின் பெயர் புதிய எண்ணுக்குத் திருப்பப்பட்டது, கடையின் பெயர் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களில் இறக்குமதியான பெயர் மூல மாட்யூலின் மாறியோடு பிணைந்தே இருப்பதால் அங்கே 5 கிடைக்கும். சோதனை எழுதுவோர் ஒரு ஃபங்ஷனுக்குப் பதிலாகப் போலி ஒன்றை வைத்தும் பழையதே ஓடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கும் இதுவே காரணம்: பெயர் பிறந்த இடத்தில் மாற்றுகிறார்கள், நிரலோ தான் எடுத்து வைத்த பெயரைப் பார்க்கிறது.

மறு ஏற்றுமதியின் உண்மையான பயன் ஒரு வீட்டை உள்ளே இடித்துக் கட்டும்போது தெரியும். எண் கணக்கீடுகளுக்கான நம்பை நூலகத்தின் 2024 இல் வந்த 2.0 பதிப்பில் "கோர்" என்ற உள் பேக்கேஜ், உள்ளே கை வைக்காதீர்கள் என்பதற்கு அடையாளமாக முன்னே ஓர் அடிக்கோடு பெற்றது. அர்ரே போன்றவற்றை நம்பையிடமிருந்தே நேராக எடுத்தவர்களை இந்த இடமாற்றம் பாதிக்கவில்லை. உள்ளே புகுந்து எடுத்தவர்களுக்கே எச்சரிக்கைகள் வந்தன. இதற்கு மறுபக்கமும் உண்டு. "கலெக்‌ஷன்ஸ்" மாட்யூலில் இருந்த மேப்பிங் முதலிய அடிப்படைக் கிளாஸ்கள் 3.3 பதிப்பில் "ஏபிசி" என்ற துணை மாட்யூலுக்கு மாற்றப்பட்டன. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்று பழைய இடத்திலும் அவை மறு ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. 2021 இல் வந்த 3.10 பதிப்பில் அது நிறுத்தப்பட்டதும், கலெக்‌ஷன்ஸிலிருந்து மேப்பிங்கை எடுக்க முடியவில்லை என்ற பிழையோடு பல பழைய நூலகங்கள் நின்றுபோயின. ஒன்பது ஆண்டு அவகாசம் போதாதா என்று கேட்கலாம். போதும் என்பதே என் எண்ணம். ஆனால் ஒருமுறை வாசலில் வைத்த பெயரைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது. அதனால்தான் இனிட் கோப்பில் நட்சத்திரக் குறியிட்டு எல்லாவற்றையும் அள்ளிப் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. எதற்கு வாக்குக் கொடுத்தோம் என்று எழுதியவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. அப்படி அள்ளத்தான் வேண்டும் என்றால், எவை வெளியே போகலாம் என்பதை "ஆல்" பட்டியலில் எழுதி வைப்பதாவது நலம்.

இன்னொரு செலவு நேரம். இனிட் கோப்பு பத்து மாட்யூல்களிலிருந்து எடுத்து வைத்தால், ஒரே ஒரு பெயர் வேண்டியவருக்கும் பத்தும் ஓடியாக வேண்டும். 2018 இல் வந்த 3.7 பதிப்பு இதற்கு ஒரு வழி திறந்தது. மாட்யூலில் இல்லாத பெயரை யாரேனும் கேட்டால் அழைக்கப்படும் "கெட்அட்டர்" ஃபங்ஷனை மாட்யூலிலேயே எழுதி, கேட்கும்போது மட்டும் ஏற்றிக் கொடுக்கலாம். கலெக்‌ஷன்ஸ் தன் பழைய பெயர்களுக்கு எச்சரிக்கை விடுத்ததும் இந்த வழியில்தான். எல்லா இறக்குமதிகளையும் சோம்பலாக்கும், அதாவது தேவைப்படும்வரை தள்ளிப்போடும், திட்டம் ஒன்று 2022 இல் நிராகரிக்கப்பட்டது. வேண்டிய வரிக்கு மட்டும் "லேசி" என்ற சொல்லைச் சேர்க்கும் திட்டம் 2025 இல், 3.15 பதிப்புக்கென, ஏற்கப்பட்டது. பெயரை முதன்முறை உண்மையாகப் பயன்படுத்தும்வரை மாட்யூல் ஏற்றப்படாது. இந்தச் சொல்லை நட்சத்திர இறக்குமதியோடு சேர்த்தால் தொடரியல் பிழை. எந்தப் பெயர்கள் வரப்போகின்றன என்பதே தெரியாதபோது அவற்றைத் தள்ளிப்போடுவது எப்படி என்பது அதற்கான நியாயம். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.